பத்திலொரு பங்கு

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் கல்லூரி அன்பர் பலர் முகஞ் சுளிப்பர் என்பதை யான் அறிவேன். பந்தயத்தாற் கெட்ட குடும்பங்களின் கதைகளைக் கேட்டே நாமெல்லாம் வளர்ந்தோம். யான் மாணவனாயிருந்த காலத்தில், விடுதியிலே கிண்டிப் பந்தயச் செய்தியுள்ள தாளை விரித்து வைத்துப் படித்த ஒருவனை ஏனையோர் ஒரு வாரம் வரை ஏளனஞ் செய்தனர். அவருள் யானும் ஒருவன். அங்ஙனமிருக்க, இக்கல்லூரியில் விலங்கியல் பயின்று வெளிப்போந்த யானே ஒரு பந்தயக் குதிரைக்குப் பத்திலொரு பங்கு உடையவன் என்று இம்மலரில் எழுதப் புகுவது சிறிது துணிவான செயலே. சூதிற் பணம் வைத்ததேயில்லை என்று கூறின் அது பொய்யாகும், ஒரே முறை ஐந்து யூரோ வைத்தேன், போயிற்று. அதனைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை. இளங்குதிரையொன்றை உடையவர்கள் அதன் வருங்காலத்தைக் குறித்துப் போடும் திட்டங்களைப் பற்றியும், அத்தகைய திட்டமொன்றை யான் கெடுத்த விதத்தைப் பற்றியுமே எழுத விரும்புகின்றேன்.

2009-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், புல்லும் கால்நடைத் தீவனமும் ஆராயும் நிலையமொன்றில் மூன்றாண்டுப் பணியேற்று அயர்லாந்து தேசத்து மீத் மாவட்டத்தை அடைந்தேன். டப்ளின் நகருக்கு வடமேற்கே கிடக்கும் அம்மாவட்டத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் புல். புல்லுக்கு மேல் மழை. நவன், ஃபேரிஹவுஸ், பெல்லூஸ்டவுன் என்னும் பந்தயக் களங்களும், கடல் வற்றிய மணலிலேயே குதிரையோட்டும் லேட்டவுனும் அம்மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே உள்ளன. யான் குடியிருக்க இடந்தந்தவர் எழுபது வயதான ஒரு விதவையார். அறுபது ஏக்கர் நிலம், சில மாடுகள், இரண்டு கிழப் பெட்டைக் குதிரைகள், மூன்று வயதுக் குதிரையொன்று ஆகியவற்றை அவர் கணவர் விட்டுப் போயிருந்தார். அம்மூன்று வயதுக் குதிரை அவ்விரு பெட்டைகளுள் மூத்தது ஈன்ற கடைசிக் குட்டி.

நம்மவர் கிண்டியிலும் பெங்களூரிலும் கண்டவை தடையற்ற தரையில் ஓடும் பந்தயங்கள். அயர்லாந்துக் குடியானவரின் நெஞ்சைக் கொள்ளை கொண்டதோ தடை தாண்டும் ஓட்டம். 1752-ஆம் ஆண்டில் கார்க் மாவட்டத்திலே, பட்டிவன்ட் என்னும் ஊர்க் கோயிலின் கூர்ங்கோபுரத்தினின்றும் டோனரெயில் என்னும் ஊர்க் கோயிலின் கோபுரம் வரை, ஏறக்குறைய நாலரை மைல் தூரத்தை, வேலியும் அகழியும் கல்மதிலும் தாண்டி இருவர் போட்டியிட்டுக் குதிரையோட்டினர் என்பர். கோபுரத்தைக் குறியாகக் கொண்டு ஓடியமையால் அவ்வோட்டத்திற்கு ஸ்டீப்பிள் சேஸ் என்று பெயர் வழங்கலாயிற்று.

இவ்விரு வகைப் பந்தயங்களுக்கும் உள்ள வேற்றுமை குதிரை உடையவரின் மனநிலையிலேயே தொடங்குகின்றது. தட்டைத் தரையில் ஓடும் குதிரை இரண்டு வயதிலேயே களம் புகும். மூன்றாம் வயதில் டெர்பியில் வென்றால், மறு ஆண்டே பொலிகுதிரையாகி உடையவர்க்குப் பொற்காசு ஈட்டித் தரும். தடை தாண்டும் குதிரைகளிற் பெரும்பாலானவை இளமையிலேயே காயடிக்கப்பட்டவை. வழித்தோன்றல் என்ற பேச்சே அவற்றிற்கில்லை. ஆகவே அவற்றின் பயன் முழுவதும் அவற்றின் கால்களிலேயே உள்ளது. அக்கால்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை உழைத்தல் வேண்டும். எனவே உடையவர் அவசரப்படார், படலாகாது. மூன்று வயது வரை சேணமே காணாமற் புல்வெளியில் விட்டு வைப்பர். சேமித்து வைத்தது என்ற பொருளில் அதனை ஸ்டோர் என்று அவர்கள் அழைப்பர். நாலைந்து வயதில், தடையே இல்லாத பம்பர் என்னும் ஓட்டம். அவ்வோட்டங்களிற் பெரும்பாலும் கூலி பெறாது சவாரி செய்வோரே ஏறுவர். அதன்பின் மூன்றரை அடி உயரமுள்ள ஹர்டில் என்னும் தட்டிகள். அவற்றிற் பழகிய பின்னரே நாலரை அடிக்குக் குறையாத வேலித் தடைகள். குட்டி பிறந்த நாள்தொட்டு எண்ணின், உடையவர் தாம் எண்ணியது உண்மையா பொய்யா என்று அறியவே ஆறேழு ஆண்டுகள் கழியும்.

ஆகையால் அந்நாட்டில் அடுப்பங்கரைகளிற் பேசப்படுவதெல்லாம் வருங்காலமே. கோடையில் எந்த வீட்டிற்குச் சென்றாலும், "இவன் வேலிக்கென்றே பிறந்தவன்; தட்டிகளில் எது செய்தாலும் அது கொசுறு" என்ற வார்த்தையைக் கேட்கலாம். ஓடாத குதிரை தோற்பதில்லை அல்லவா? நம்மூரில் மகனைப் பள்ளியிற் சேர்க்குமுன்னரே கலெக்டர் உத்தியோகத்திற்கு நாள் குறிக்கும் தந்தையரை யான் அடிக்கடி நினைத்துக் கொண்டேன்.

நிற்க. விதவையாரின் குதிரையை 2009-ஆம் ஆண்டு ஜூன் மாத ஏலத்தில் விற்பதே கணவரின் திட்டமாயிருந்தது. கில்டேர் மாவட்டத்துக் கில் என்னும் ஊரிலும், ஃபேரிஹவுஸ் களத்தின் அருகிலும், மூன்று வயது ஸ்டோர் குதிரைகளுக்கெனப் பெரிய ஏலங்கள் கோடைதோறும் நடைபெறும். ஆயின் 2008-இல் அந்நாட்டின் பொருளாதாரம் சரிந்தமையால் குதிரை விலையும் உடன் சரிந்தது. கேட்ட விலை குட்டியை வளர்த்த செலவுக்கும் காணாதிருக்கவே, வண்டியிலேற்றி வீட்டிற்கே திருப்பிக் கொண்டு வந்தனர். யான் அங்குச் சென்றபோது, விற்கப்படாத அக்குதிரை, பதிவுப் பெயரும் இல்லாமல், "சின்னவன்" என்ற பொருள்பட அழைக்கப்பட்டுப் பின்புறத்து வெளியில் நின்று கொண்டிருந்தது. பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி, உயரமோ மிகுதி, மார்பு மட்டும் இன்னும் சிறுபையனுக்குரியது.

முதல் வாரத்திலேயே அம்மையார் என்னை வெளியில் அழைத்துச் சென்று, அதன் உதட்டை விலக்கிப் பற்களைக் காட்டினார். "ஐந்து வயதில் வாய் நிரம்பும், அதுவரை இவன் குழந்தை" என்றார். எனக்கு உடனே என் பாட்டனார் நினைவு வந்தது. தாமிரபரணிக் கரையிலிருந்த எங்கள் ஊரில் அவர் மாட்டுச் சந்தைக்குப் போகுங்கால், பிறர் சொல்லும் வயதைக் காதிற் போட்டுக் கொள்ளார். இரண்டு பல்லா, நாலு பல்லா என்று தாமே வாயைத் திறந்து பார்ப்பார். நாலு பல் காணாத கன்றின் கழுத்தில் நுகம் வைக்க ஒருபோதும் இசையார். இதனை யான் கூறியபோது அம்மையார் மகிழ்ந்து, "உம் பாட்டனாரோடு எனக்குப் பேச்சு இருந்திருக்கும்" என்றார். அன்று முதல் யான் அவ்வீட்டிற் குடிக்கூலி கொடுப்பவன் என்ற நிலை மாறிற்று.

2010-ஆம் ஆண்டு வேனிலில் குதிரையைப் பழக்கினர். நீண்ட வடத்திற் சுற்றி நடத்தி, சேணம் வைத்து, பின் ஆள் ஏற்றினர். பயிற்றுநரிடம் அனுப்பும் செலவு அம்மையாரால் ஆவதன்று. ஆகவே குதிரையைப் பத்துப் பங்காக்கினர். நாலு பங்கு அம்மையார்க்கு. நாலு அவர்தம் தம்பிக்கு. ஒன்று, பல்லாண்டுகளாக அவ்வீட்டுக் குதிரைகளுக்கு லாடம் அடித்து வந்தவர்க்கு. எஞ்சிய ஒன்று எனக்கு. என் பங்கை யான் ஏன் வாங்கினேன் என்று ஊரிலிருந்த என் மனைவி கேட்டபோது, தக்க விடை கூற இயலவில்லை. அயல்நாட்டில் ஒருவன் தனித்து மழையைப் பார்த்துக் கொண்டு எத்தனை மாதம் இருத்தல் கூடும்?

அம்மேசையைச் சுற்றி நால்வரும் அமர்ந்து போட்ட திட்டம் இது: 2011-ஆம் ஆண்டு வேனிலில் ஒரு பம்பர், பின் கோடை முழுதும் புல், இலையுதிர் காலத்தில் தட்டிகள், 2012-இன் இலையுதிர் காலத்தில், ஆறு வயதில், வேலிகள். அதற்குள் என் பணிக்காலம் முடிந்து யான் ஊர் திரும்பியிருப்பேன் என்பதை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை, யான் கவனித்தேன்.

அம்மையாரின் திட்டத்திற்கு ஆதாரம் ஆர்க்கிள் என்னும் குதிரை. 1957-இல் பிறந்த ஆர்க்கிளை, வெஸ்ட்மின்ஸ்டர் கோமாட்டியாராகிய ஆன் என்பவர் 1960-ஆம் ஆண்டு ஏலத்தில் 1,150 கினிக்கு வாங்கினார். டாம் டிரீப்பர் என்ற பயிற்றுநர் அதனை அவசரமின்றி வளர விட்டார். 1961-ஆம் ஆண்டு டிசம்பரில் அஃது ஓடிய முதல் இரண்டு பம்பர்களில் வெற்றியில்லை. 1962 ஜனவரியில் நவன் களத்தில், ஒன்றுக்கு இருபது என்று எவரும் பொருட்படுத்தாத நிலையில், தட்டியோட்டமொன்றை வென்றது. பின்னர் 1964, 1965, 1966 ஆகிய மூன்றாண்டுகளிலும் செல்டன்ஹாம் தங்கக் கோப்பை அதனுடையது. முப்பத்தைந்து ஓட்டங்களில் இருபத்தேழில் வெற்றி. எல்லாவற்றிற்கும் மேலாக அம்மையார் வியந்தது ஒன்று: கூட்டமும் ஆபத்தும் மிக்க கிராண்ட் நேஷனலில் அதனை ஓட்டுமாறு நாடே கேட்டும் கோமாட்டியார் இறுதி வரை இசையவில்லை. 1964-ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்களன்று ஃபேரிஹவுஸில் ஆர்க்கிள் ஐரிஷ் கிராண்ட் நேஷனலை வென்றபோது அம்மையார் வேலியோரம் நின்று கண்டவர். அதை அவர் கூறும்போது அறுபது ஏக்கரும் அமைதியாகிவிடும்.

1966 டிசம்பரிற் கெம்ப்டன் களத்திற் குளம்பெலும்பு முறிந்த ஆர்க்கிள் அதன்பின் ஓடவில்லை, 1970-இல் மடிந்தது. அதன் எலும்புக்கூட்டைக் கில்டேர் மாவட்டத்து டல்லி என்னும் இடத்திலுள்ள தேசியக் குதிரைப் பண்ணையின் காட்சிசாலையில் நிறுத்தி வைத்துள்ளனர். 2010-ஆம் ஆண்டுப் புரட்டாசியில் அம்மையாரும் யானும் அங்குச் சென்றோம். விலங்கியல் கற்றவன் எலும்பைக் கண்டால் வாய் மூடியிரான். முன்னங்கையெலும்பின் வளர்ச்சித் தட்டு இரண்டு இரண்டரை வயதில் மூடிவிடும்; முதுகெலும்புகளின் தட்டுக்களோ ஐந்து வயதளவிற்றான் மூடும்; ஆகையால் அம்மையாரின் பல் கணக்குச் சாத்திரத்திற்கு ஒத்ததே என்று ஒரு சொற்பொழிவே செய்தேன். இளமையில் அளவாக ஓட்டுதல் எலும்புக்கு உரந்தரும் என்னும் ஆராய்ச்சிகளும் உண்டு என்று, நடுநிலை தவறாமல், சேர்த்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அவ்வெலும்புகளின் முன்னங்காற் பக்கம் வெகு நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மையாரின் தம்பி வேறு கட்சி. அவர்க்கு ஆதாரம் பிரான்ஸ் தேசம். அங்கே மூன்று வயதிலேயே குதிரைகள் தடை தாண்டுகின்றன. அவ்வாறு மூன்று வயதில் தொடங்கிய காட்டோ ஸ்டார் என்னும் குதிரையைக் கிளைவ் ஸ்மித் என்பவர் 2004-இல் நாலு லட்சம் யூரோவுக்கு வாங்கினார். அது 2007-லும் 2009-லும் தங்கக் கோப்பையை வென்று, கெம்ப்டனின் கிங் ஜார்ஜ் பந்தயத்தை 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நாலு முறை வென்றிருந்தது. "இளமையிற் கற்ற வித்தை" என்று அவர் மேசையைத் தட்டுவார். அம்மையார் பதிலுக்கு டான் ரன் பெயரைக் கூறுவார். 1986 மார்ச்சில் தங்கக் கோப்பை வென்ற அப்பெட்டைக் குதிரை, ஓய்வு கொள்ள வேண்டிய கோடையில், ஜூன் மாதம் பாரிஸ் நகரின் ஓட்டேல் களத்தில் விழுந்து மாண்டது. அப்பேச்சு வந்தால் தம்பி தொப்பியை எடுத்துக் கொண்டு எழுந்துவிடுவார். இரு கட்சியையும் சீர்தூக்கிப் பார்த்தால், பெஸ்ட் மேட் கதையையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சில ஓட்டங்களே போதும் என்று பொத்திப் பொத்தி வைத்து, 2002, 2003, 2004 ஆகிய மூன்றாண்டுகளிலும் தங்கக் கோப்பை வென்ற குதிரை அது. தன் வாழ்நாளில் ஓடியதே இருபத்திரண்டு ஓட்டம். ஒரு முறையும் விழுந்ததில்லை. அதுவும் 2005 நவம்பரில் எக்ஸிட்டர் களத்தில் ஓட்டம் நிறுத்தப்பட்ட சற்று நேரத்தில் சாய்ந்து இறந்தது. பொறுமை உயிர்க்கு உறுதிச்சீட்டு அன்று.

அவ்வாண்டுக் குளிர்காலம் கொடியது. நவம்பர் இறுதி தொட்டுப் பனி பெய்து, தரை பாறையாகி, ஓட்டங்கள் பல நின்று போயின. எங்கள் குதிரையின் பயிற்சியும் பின்தங்கிற்று. ஏப்ரலில் ஒருவாறு பம்பரில் ஓடியது; பதினாறு குதிரைகளில் நாலாவது. களத்திலிருந்து திரும்பும்போது நால்வரும் ஒரே வண்டியில், ஒருவர் பேச்சை ஒருவர் கேளாமல், ஒரே நேரத்திற் பேசிக் கொண்டு வந்தோம். நாலாவதாக வந்த குதிரைக்கு இத்துணை ஆரவாரமா என்று கேட்பீர்கள். அது கடைசி இருநூறு கஜத்தில் ஏழு குதிரைகளைக் கடந்தது என்பதை நீங்கள் அறியீர்.

அதன்பின் வந்ததே அந்த மே மாத இரவு. ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. தம்பியார் ஒரு தாளுடன் வந்து, மூன்று வாரத்தில் ஒரு சிறு களத்தில், வென்றறியாக் குதிரைகளுக்கான தட்டியோட்டம் இருக்கிறதென்றார். அவர் வாதம் நுட்பமானது. தட்டியோட்டத்தில் முதல் வெற்றி பெற்ற குதிரை அப்பருவம் முடியும் வரையே புதியவன் என்ற வகுப்பில் ஓடலாம். ஏப்ரல் இறுதியில் வென்றால் அவ்வுரிமை சில நாட்களில் வீணாகும். ஆனால் புதுப் பருவம் மே மாதத்திற்றான் பிறந்தது. இப்போது வென்றால் அடுத்த வேனில் வரை உரிமை நிற்கும். நன்றாய் ஓடினால் வருகிற குளிர்காலத்திலேயே வேலிக்கும் கொண்டு போகலாம். அம்மையார் வேண்டாம் என்றார். காரணம் ஒன்றே: மழையில்லை, தரை இறுகியிருக்கிறது, திட்டப்படி அவன் இப்போது புல்லில் இருக்க வேண்டும். நாலுக்கு நாலு. லாடக்காரர், "குளம்பு நன்றாயிருக்கிறது, அதற்கு மேல் என்னைக் கேளாதீர்கள்" என்று தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தார். மூவரும் என்னை நோக்கினர்.

யான் எலும்பைப் பற்றிப் பேசினேன். ஐந்து வயது நிரம்பிற்று, வாய் நிரம்பிற்று, தட்டுக்கள் மூடின, இனித் தாமதிப்பதற்குச் சாத்திர நியாயம் இல்லை என்றேன். கூறியது ஒவ்வொன்றும் உண்மையே. ஆயினும் அவ்வுண்மைகளையெல்லாம் ஒன்று சேர்த்தது, 2012 ஆகஸ்டு மாதத்திற்கு யான் எடுத்து வைத்திருந்த விமானச் சீட்டு. வேலி தாண்டுவதைக் காணாமற் போக எனக்கு மனமில்லை. அம்மையார் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "டாக்டர் படித்தவர்" என்று மட்டும் கூறிப் பாத்திரங்களைக் கழுவ எழுந்தார்.

ஓட்டம் அழகாகவே இருந்தது. எட்டுத் தட்டிகளையும் பூனைபோலத் தாண்டி இரண்டாவதாக வந்தது. அன்றிரவு யான் வெற்றி பெற்றவன் போலவே உறங்கினேன். மறுநாட் காலை பயிற்றுநர் அழைத்தார். இடது முன்னங்காலின் பின்புறத்துத் தசைநாணில் சூடும் வீக்கமும் கண்டிருந்தன. குதிரை வைத்தியர் ஒலியலைக் கருவி கொண்டு பார்த்து, நாண் கிழிந்துள்ளது, ஓராண்டுக்கு ஓட்டமில்லை, அதன்பின்னும் உறுதி கூற இயலாது என்றார். எலும்பில் யாதொரு பழுதுமில்லை.

அம்மையார் என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. அன்று மாலை குதிரை வீடு வந்ததும், தோட்டத்து நீர்க்குழாயைக் கையிலெடுத்து அக்காலின் மேற் குளிர்ந்த நீரை விட்டுக் கொண்டு இருபது நிமிடம் நின்றார். யான் போய்க் குழாயைக் கேட்டு வாங்கினேன். அது முதற் பல வாரங்கள், காலை நிலையத்திற்குப் புறப்படுமுன் இருபது நிமிடமும், மாலை திரும்பியபின் இருபது நிமிடமும் என் வேலை அதுவாயிற்று. குதிரையோ என்மீது பகை கொள்ளவில்லை. என் சட்டைப் பையில் முகம் நுழைத்துக் காரட் தேடும். நீர் விழும் ஓசையில் மனத்திற்குள் எத்தனையோ நியாயங்களைக் கூறிப் பார்த்தேன். இறுகிய தரையில் அன்று ஓடிய ஏனைய குதிரைகளுக்கு ஒன்றுமாகவில்லை, இலையுதிர் காலத்திலும் இதே நாண் கிழிந்திருக்கலாம், தம்பியார்தாமே கேட்டார். எல்லாம் சரி. காலோ சூடாகவே இருந்தது.

யான் 2012 ஆகஸ்டில் ஊர் திரும்பினேன். புறப்படுமுன் என் பங்கை அம்மையார்க்கே விட்டுவிட முயன்றேன், அவர் வாங்கவில்லை. "கெட்ட காலுக்கும் பத்திலொன்று உம்முடையது" என்றார். குதிரை அவ்வாண்டு இறுதியில் மெல்லத் திரும்பித் தட்டிகளில் ஓடியது. மூன்றாவது, ஆறாவது என்று வந்தது. 2014 பிப்ரவரியில், எட்டு வயதில், சேறு மிகுந்த ஒரு சிறு களத்தில் முதன்முறையாக வேலியோட்டமொன்றை வென்றது. நம் நாட்டு நேரம் இரவு எட்டரை மணி இருக்கும்; இட்டிலி மாவு அரைத்துக் கொண்டிருந்த இயந்திரத்தின் ஓசைக்கு மேல் அம்மையாரின் குரல் தொலைபேசியில் கேட்டது. மழை பெய்தது, தரை மெத்தென்றிருந்தது, கடைசி வேலியைச் சிறுவனைப்போற் குதித்துத் தாண்டினான் என்றார். யான் அதனைக் காணவில்லை. அவன் வென்ற ஓட்டம் அஃதொன்றே. மறு ஆண்டு அதே கால் மீண்டும் வீங்கவே, சேணத்தை இறக்கிப் புல்லுக்கு விட்டனர்.

அம்மையார் 2019-இல் காலமானார். நிலத்தை இப்போது தம்பியாரின் மகன் பார்க்கின்றான். ஓடாத குதிரைக்கும் வயிறு உண்டு. ஆகவே ஆண்டுதோறும் ஜனவரியில் எனக்கொரு கணக்குச் சீட்டு வருகின்றது. உலர்புல் இவ்வளவு, குளம்பு செதுக்கிய கூலி இவ்வளவு, கிழக்குதிரைக்குப் பல் அராவிய கூலி இவ்வளவு, அதிற் பத்திலொன்று. இவ்வாண்டுச் சீட்டின் ஓரத்தில், வாயில் இன்னும் எல்லாப் பற்களும் இருக்கின்றன என்று பென்சிலால் எழுதியிருந்தான். பணத்தை மறுநாளே அனுப்பினேன்.